காது இல்லாத போன்

நேற்று பெட்டியைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை வந்தது. கூடவே, பக்கத்து வீட்டிலிருந்து வேலி தாண்டி வருவதுபோல, நீயும் வந்துவிட்டாய். மாத்தளைக் கடைத்தெருவில் போன் கடைக் கண்ணாடி முன்னால் என்னை இழுத்து நிறுத்தி, உள்ளே அடுக்கியிருப்பதையெல்லாம் பார்த்துவிட்டு, கடைக்காரர் காதில் விழும்படியே சொல்வாயே: "புதுசுங்கிறான் புள்ள, முதுகுதான் புதுசு."

கத்தாரிலிருந்து மகன் அனுப்பிய போன். நீ சொன்னது சரி. பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பலகை, அதே கறுப்பு. முதுகில் மட்டும் அடுப்புக்கல் மாதிரி மூன்று கேமரா. பிடித்தால் கையில் நிற்காமல் வழுக்குகிறது. போன் செய்கிறவர்கள் இத்தனை வருடம் உட்கார்ந்து யோசித்தது இவ்வளவுதானா என்று எரிச்சல் வந்தது. பிறகு காதில் மாட்டுகிற நம்முடைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒயரைச் செருகப் போனேன். ஓரமெல்லாம் விரலால் தடவினேன். ஓட்டையே இல்லை. உள்ளே ரேடியோவும் இல்லை. எரிச்சல் போய்ப் பயம் பிடித்தது அப்போதுதான்.

மகனைக் கூப்பிட்டேன். "உம்மா, இப்ப வாற போன்ல ஒயரெல்லாம் இல்ல. மூணு கேமரா இருக்கு, படம் எப்பிடி விழுதுன்னு பாருங்க" என்றான்.

"மூணு கண்ணு வச்சவனுக்கு ஒரு காது வைக்க ஏலாமப் போச்சா மகன்?" என்றேன். சிரித்தான். பாலைவனத்தில் இருப்பவனுக்கு உக்குவளை மழையைப் பற்றி என்ன சொல்லிப் புரியவைப்பது?

உனக்குத் தெரியும். அந்தப் பெருமழையில் கரண்ட் போய், டவரும் செத்துக் கிடந்தபோது, பழைய போனில் ஒயரைச் செருகி ரேடியோ பிடித்தோம். ஒயர்தான் ஏரியல். ஒன்று உன் காதில், ஒன்று என் காதில், தலையோடு தலை முட்டிக்கொண்டு இருந்தோம். சிங்களத்தில் அறிவித்தார்கள். நான் கற்பிட்டி மணலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் சிங்களம் சந்தையில் சாமான் வாங்க மட்டும்தான் காணும்.

"நாய யனவாங்கிறான். நாய் போகுதாம். போனாப் போகட்டுமே, அதையும் ரேடியோவுல சொல்லணுமா?" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் ஒயர் காதிலிருந்து விழுந்தது. உடனேயே உன் முகம் மாறியது. "நாயில்லடி புள்ள. மலை சரியுதுன்னு சொல்றான். நம்ம பக்கந்தான். எந்திரி, எந்திரி!" பாரிசவாதத்தில் கால் இழுக்கும் என் கணவரை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். மேலே இருந்த மிளகுத் தோட்டம் நம் கிணற்றடி வரைக்கும் இறங்கி வந்து நின்றது.

அதற்குப் பிறகு நமக்கு அது நாய்தான். மழை அடித்து ஊற்றும்போது நீ ரேடியோவைக் கேட்டுவிட்டு வேலிக்கு மேலால் சத்தம் போடுவாய்: "நாய் கட்டித்தான் இருக்கு புள்ள, தூங்கு!" அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் எனக்குக் கண் மூடும்.

மலைக்கு அவ்வளவு பயந்த உன்னை மலை தொடவில்லை. வெயிலடித்த ஒரு காலையில், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவளை நெஞ்சுவலி கொண்டுபோனது. பிறகு நான் தனியாகத்தான் ரேடியோ கேட்டேன், உன் பக்கத்து ஒயர் சும்மா தொங்க. போன மாதம் அந்தப் போனும் பேட்டரி உப்பிச் செத்தது. ஒரு ரேடியோப் பெட்டி வாங்கியிருக்கலாம். மகன் புதுசு அனுப்புகிறானே என்று இருந்துவிட்டேன்.

இதை எழுதுவது பள்ளிக்கூட மண்டபத்தில், நாம் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே வாங்குப் பலகையில். மழை இன்னும் விடவில்லை. என் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது, அதன் தாய் பக்கத்தில் தலை துவட்டுகிறாள். யார் பிள்ளை என்று கடைசியில் சொல்கிறேன்.

இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பிடித்த மழை. பின்னேர அஸர் தொழுகைக்குள் புதுப் போனில் சிக்னல் போய்விட்டது. கையில் படம் எடுக்கிற ஒரு டார்ச் லைட்தான் மிச்சம். மற்றவர்கள் மலை சரியும் சத்தம் கேட்டபின் ஓடலாம். இவரை வைத்துக்கொண்டு நான் ஓட முடியாது, எனக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தேற்றுவதற்காக உன்னைப் போலவே சொன்னேன்: "நாய் கட்டித்தான் இருக்கு."

"ஆரு சொன்ன?" என்று கேட்டார்.

சொல்ல நீயும் இல்லை, ரேடியோவும் இல்லை. மருந்துப் பையை எடுத்தேன். பழைய ஒயரையும் ஏனோ அதற்குள் போட்டேன். அவரை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு வேலிக் கதவு, படலையடிக்கு வந்தபோது உன் வீட்டில் அடுப்புப் புகை தெரிந்தது. போன மாதம்தான் ஒரு சின்னப் பெண் குடிவந்திருக்கிறாள், கைக்குழந்தையோடு. அவளுக்கு இந்த மலையைத் தெரியாது.

வேலிக்கு மேலால் கத்தினேன். வந்தது உன் சொல்தான்.

"புள்ள! நாய் அவுந்துருச்சு! வெளிய வா!"

ஒரு கையில் விறகுக் கட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக ஓடி வந்தாள். வாசலெல்லாம் தேடிப் பார்த்தாள்.

"எங்க ஆன்டி நாய்?"

நான் மலையைக் காட்டினேன்.