ஸ்டெல்லா கேட்டது

10 ஆகஸ்ட் 1958, ஞாயிறு

நீரிழிவு என்று சொல்லி டாக்டர் என் சோற்றையும் களியையும் நிறுத்திவிட்டார். கறி, முட்டை, கீரை மட்டும்தான் சாப்பிடலாம். எங்கள் வீட்டு வருமானத்தில் அது ஒருவருக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும்.

இன்று மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது சிவாஜிநகரில் கொஞ்சம் ஆட்டுக்கறி வாங்கினேன். மனைவி எஸ்தர் அதை மிளகு போட்டு வறுத்து என் தட்டில் வைத்தாள். பிள்ளைகள் மூவரும் ரசச் சோற்றைப் பிசைந்தபடி என் தட்டையே பார்த்தார்கள். எனக்கோ அவர்கள் சோற்றின் மேல்தான் கண்.

சின்னவள் ஸ்டெல்லா கேட்டாள். "அப்பா, இந்த சுகர் வியாதி எனக்கு எப்போ வரும்?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஒரு துண்டை எடுத்து அவளுக்கு ஊட்டப் போனேன். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்திக்குக் குடுத்தா மூணு பேருக்கும் குடுக்கணும். அப்புறம் நீங்க என்னத்தச் சாப்பிடுவீங்க? நீங்க இருந்தாத்தாங்க இதுங்களுக்குச் சோறு."

அவள் அழுதுகொண்டே சொன்னாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துண்டு விடாமல் நானே தின்று முடித்தேன்.

ஸ்டெல்லா என் தட்டைக் கழுவ எடுத்துப் போனாள். அடுப்படியில் நின்று அதை விரலால் வழித்து நக்கினாள். நான் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன்.