புற்றுக்கு நேர்ந்த பால்

21.11.1978, செவ்வாய்

விடியலில் நம் வண்டிக் குதிரை குட்டி ஈன்றது. முதல் ஈற்று. மடியைத் தொட்டாலே உதைக்கிறது, குட்டியை அண்டவிடவில்லை. வண்டிக்காரர் சுடலைமுத்து ஒருவழியாகச் செம்பில் கறந்தார். குட்டிக்கு என்று நினைத்தேன். செம்போடு வாசலைத் தாண்டிவிட்டார்.

"எங்க வே போறீரு?"

"புத்துக்கு ஆச்சி. சொகமாப் பெத்தா மொதப் பாலு நாகருக்குன்னு நேந்திருக்கேம்லா. குட்டிக்குப் பசும்பாலு போதும்."

"சீம்பாலு இல்லாட்டி குட்டி பிழைக்காது. இங்கன கொண்டாரும்."

"தெய்வக் குத்தம் ஆயிரும் ஆச்சி."

"ஆச்சுன்னா என் தலையில ஆகட்டும். நாகரு ஒரு நாளு பொறுப்பாரு, குட்டி பொறுக்காது."

முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் கொடுத்தார். பாட்டிலில் ஊற்றிப் புகட்டினேன். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு சப்பிக் குடித்தது. மாலையில் அவர் குதிரையின் முன்காலை மடக்கிப் பிடிக்க, அது உதைக்க முடியாமல் நின்றது. நான் குட்டியை மடிக்குத் தள்ளினேன். தானாகவே காம்பைப் பிடித்துவிட்டது.

சுடலைமுத்து இன்னும் என்னோடு பேசவில்லை. காலையில் பசும்பாலை நானே சுமந்துபோய், அவர் முன்னால் புற்றில் ஊற்றுவேன். கான்வென்டில் படித்தவள் புற்றுக்குப் பால் ஊற்றுகிறாள் என்று தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதே செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.