பெருநாள் வோல்டேஜ்

அப்பு,

இன்று கடையில் வார்னிஷில் முக்கி எடுத்த மோட்டார் காயில்களை வெயிலில் காயவைத்தோம். அந்த வாடை வந்தால் எனக்கு உன் டிரான்ஸ்பார்மரைத் தவிர வேறு நினைப்பு ஓடாது. ஐந்தாவதோடு நின்ற உன் அக்கா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன்னிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது.

கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பிடு என்று ஊருக்கெல்லாம் மைக்செட் கட்டியவன் நீ. வீட்டில் வைத்துக் கேட்க மட்டும், வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்றை உன் கையாலேயே செய்யவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். பாட்டுப் பகுதியைக் கட்டி முடித்துவிட்டாய். அந்த வால்வுகளுக்கு நானூறு வோல்ட் கொடுக்கிற பெட்டிதான் பாக்கி. அதற்காக என் கடை வாசலில் வந்து நின்றாய்.

"ஏக்கா, ஊர்க் கெணத்து மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டுற. எனக்கு ஒண்ணு கட்டித் தரமாட்டியா?"

"மோட்டார் தண்ணி எறைக்கும். இது என்னத்தடா எறைக்கும்?"

"பாட்டு எறைக்கும்."

அந்தப் பெட்டியின் டிரான்ஸ்பார்மருக்கு எத்தனை சுற்று என்று நீ கணக்குப் போட்டாய், நான் சுற்றினேன். அடுக்குக்கு அடுக்கு தாள் வைத்து, கம்பி மேல் கம்பி ஏறாமல் சுற்றினேன். பெட்டிக்குள் எப்படித் தொடவேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்ததும் அப்போதுதான்.

"சுவிட்ச அமத்தினாலும் கன்டென்சருக்குள்ள கரண்டு நிக்கும்க்கா. ரெண்டு கையையும் உள்ள விட்டா நெஞ்சு வழியாப் பாஞ்சிரும். ஒரு கை எப்பவும் பையில இருக்கணும்."

"சேலைல ஏதுடா பை?"

"அப்ப இடுப்புல சொருவிக்க!"

இப்போதும் பியூஸ் போடப் போனால் என் இடது கை தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது.

நம் தெருவைத்தான் உனக்குத் தெரியுமே. பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளில் மோட்டார்கள் ஓடும்போது, வீடுகளுக்கு இருநூறு வோல்ட் வந்தாலே பெரிது. நீ தினமும் அளந்து பார்த்து, அந்த இருநூற்றை வைத்தே கணக்குப் போட்டாய். பெட்டியும் சொன்னபடி நானூறு கொடுத்தது. அந்தச் சந்தோஷத்தில், பெருநாளன்று உன் பெண்டாட்டி மல்லிகாவுக்குக் காட்டுகிறேன் என்று சுவிட்சைப் போட்டாய். படீரென்று கன்டென்சர் வெடித்து, வெள்ளித்தாளும் புகையும் வீடெல்லாம் பறந்தன. அழுகின மீன் மாதிரி ஒரு நாற்றம். சரியாக அந்த நேரத்துக்குத்தான் பக்கத்து வீட்டு மும்தாஜக்கா பிரியாணித் தூக்கோடு வந்தார்.

"பெருநாளு எங்களுக்கு. வெடி நீங்க போடுறீங்களாக்கும்?"

"ஒங்களுக்கு மரியாதை பண்ணோம்க்கா" என்று இருமிக்கொண்டே சொன்னாய்.

பிறகுதான் பிளக்கில் மீட்டரை வைத்தாய். இருநூற்று நாற்பத்தைந்து காட்டியது. பெருநாளுக்கு ஷாப்பு அத்தனையும் லீவு. கரண்டு முழுதாக நம் தெருவுக்கு வந்துவிட்டது. நானூற்றைம்பது தாங்குகிற கன்டென்சருக்குள் ஐந்நூறு போய் முட்டினால் என்ன செய்யும்? "லீவு நாள்ல அளக்கவே இல்லியேக்கா" என்று தலையில் கைவைத்து நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

புதிதாக இரண்டு கன்டென்சர் வாங்கி வந்து மேசையில் வைத்தாய். அவற்றை மாட்டும் முன்னே, வேலைக்குப் போன இடத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

பெட்டி அப்படியே கிடந்தது. உன் மல்லிகா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். போன மாதம் என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு தடவ போட்டுப் பாருங்க மதினி. இன்னொரு தடவ வெடிச்சா பழைய இரும்புக்குப் போட்டுர்றேன். முழுசாவும் இல்லாம, இல்லாமலும் போகாம, என்னால இதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

 பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போனேன். காயில் முழுவதையும் அவிழ்த்து, கரண்டு உள்ளே வருகிற பக்கம் சுற்றைக் கூட்டினேன். அப்படிச் செய்தால் வெளியே வருகிற வோல்ட் குறையும். நீ வாங்கிய இரண்டு கன்டென்சரையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்தேன். பாரம் இரண்டுக்கும் பங்காகிவிடும். சுவிட்சை அணைத்தபின் மிச்சக் கரண்டு வடிய, இரண்டின் தலையிலும் ஒவ்வொரு ரெசிஸ்டரைப் போட்டேன். ஷாப்பு ஓடும் நாளில் பாட்டு கொஞ்சம் சன்னமாகத்தான் வரும். வரட்டும்.

போட்டுப் பார்ப்பதென்றால் கரண்டு முழுதாக வருகிற பெருநாளன்றுதான் என்று சொல்லிவிட்டேன். அன்று காலை மல்லிகா மெயின் சுவிட்சைப் பிடித்தபடி நின்றாள். நான் சுவிட்சைப் போட்டேன். மீட்டர் முள் ஏறியது, ஏறியது, நானூற்றுச் சொச்சத்தில் நின்றது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஸ்பீக்கரை மாட்டினேன்.

"ஒண்ணுமே கேக்கலியே மதினி. போச்சா?"

"இதான் வேணும் மல்லிகா. பாட்டு போடாதப்ப வாய மூடிக்கிட்டு இருக்கறதுதான் நல்ல செட்டும்பான் ஒம் புருசன்."

"அவுக என்னைக்கு வாய மூடுனாக!" என்று சொல்லிச் சிரித்தாள். நீ போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு தன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டாள். இரும்புக்குப் போடும் பேச்சை அதோடு விட்டாள். இப்போது காலையில் வாசல் தெளித்ததும் அவளே சுவிட்சைப் போடுகிறாள். மும்தாஜக்கா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. காயிலை அவிழ்த்தபோது, எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு சின்னச் சுற்று, அதிலிருந்து வேறெதற்கோ கரண்டு எடுக்கிற மாதிரி இரண்டு வெள்ளை வயர். நீ சொல்லி நான் சுற்றியதுதான். எதற்கென்று அன்று கேட்டதற்கு, "அது அப்பறம்க்கா" என்றாய். அந்த அப்புறம் எதுவென்று மல்லிகாவுக்கும் தெரியவில்லை. ஆனாலும் நீ சொன்ன அளவிலேயே திரும்பச் சுற்றி, நுனியில் டேப் ஒட்டி வெளியே விட்டிருக்கிறேன். யாராவது ஒருநாள் அதில் எதையாவது சேர்க்கலாம். நீ அதில் எதைச் சேர்ப்பதாக இருந்தாய்?