சாய்ச்சுப் பிடிச்ச குடை

மனாமா

அன்புள்ள மஞ்சுவுக்கு,

நான் சுகம். நீ எப்படியிருக்க? அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? போன்ல பேசினா சண்டையாயிரும்னுதான் எழுதுதேன்.

இங்கன ஓட்டல் பார்ல என்னைப் பீர் ஊத்துத வேலைக்கு மாத்திட்டாங்க. கோதுமை பீருக்கு உயரமான கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சு ஊத்தி, மேல மூணு விரல் நுரை நிறுத்தணும். கருப்பு பீரைப் பாதி ஊத்தி, அடங்கவிட்டு, அப்புறம் நிரப்பணும். மொத நாள் நம்மூர் மரியாதைன்னு நுரையே இல்லாம தளும்பத் தளும்பக் கொடுத்தேன். வாங்குனவரு திருப்பி அனுப்பிட்டாரு. இப்ப கை பழகிட்டு.

நேத்துதான் தவறிட்டு. ஊத்திக்கிட்டு இருக்கையில உன் குற்றாலப் போட்டோ வந்துச்சு. என் சித்தப்பா மகன் பாண்டிராஜ் சாரல்ல தான் நனைஞ்சுக்கிட்டு, குடையை உன் பக்கமே சாய்ச்சுப் பிடிச்சிருக்கான். நீ சிரிச்சுக்கிட்டு நிக்க. சாய்ச்சுப் பிடிக்க அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? நுரை பொங்கி என் சட்டையெல்லாம் ஆயிட்டு. பெருசா ஒண்ணுமில்ல, கவலைப்படாத.

கொஞ்சம் மோர்மிளகாய் யார்கிட்டயாவது கொடுத்துவிடு. அருவிக்குப் போ, வேண்டாங்கல. நம்ம குடை பீரோ மேல கிடக்கு. கம்பி ஒடிஞ்சிருக்கும், தென்காசியில கொடுத்துச் சரி பண்ணிக்க. சின்னக் குடைதான், இன்னொரு ஆளுக்குக் காணாது.

டூட்டிக்கு நேரமாச்சு.

உன்
சொரிமுத்து