கோட்டுக்குக் கீழே ஒரு கேன்

சண்டைக்காரியும் செல்லக்காரியுமான என் அத்தைக்கு,

பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தேவையே வந்ததில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் நான் அடுப்படியிலிருந்தும் நீங்கள் வாசலிலிருந்தும் கத்தியே சொல்லிக்கொண்டோம். இப்போது எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதில் விழாது. அதனால் எழுதுகிறேன். இன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதலில் நல்ல சேதி. மார்க்கெட்டில் கக்கூஸ் வந்துவிட்டது அத்தை. பெண்களுக்கென்று தனியாக, உள்ளேயே குழாயோடு, தாழ்ப்பாளோடு. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று உங்கள் பக்கத்துக் கடை அஞ்சலை அக்கா உள்ளே போய்ப் போட்டுப் போட்டுப் பார்த்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் திட்டிய திட்டு இருக்கிறதே, நீங்கள் இருந்திருந்தால் நாலு வார்த்தை கூடவே சேர்த்திருப்பீர்கள்.

இதைப் படிக்கிறவர்கள் கக்கூஸுக்கும் நினைவஞ்சலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, நம் கடலோர ஊர்களில் ஜனங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்தார். கருவாடும் பிரஷர் மாத்திரையும் இல்லாத வீடு நம் தெருவில் ஏது? வீடு வீடாகப் போய் விளக்கிச் சொல்ல உள்ளூரில் படித்த பெண் வேண்டும் என்றார்கள். எனக்கு அந்த வேலை கிடைத்தது. மருமகள் பெரிய டாக்டருக்கு அசிஸ்டென்ட் ஆகிவிட்டாள் என்று கருவாட்டுக் கூடையோடு அந்தச் சேதியையும் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனீர்கள். என்ன வேலை என்று தெரிந்த பிறகுதான் கொஞ்சம் சத்தம் குறைந்தது.

உப்பு எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. ஆனால் உள்ளே போன உப்பில் பெரும்பங்கு சிறுநீரில் வெளியே வந்துவிடும். ஆகவே ஒரு முழு நாள் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் வெள்ளைக் கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதை வாங்கிச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோவதுதான் என் வேலை.

"சிறுநீர்னா இன்னாடி? பெருநீர்னு ஒண்ணு இருக்குதா? மூத்திரம்னு சொல்லேன், வாய் வெந்துபூடுமா?" என்று கேட்டீர்கள்.

படிவத்தில் அப்படி எழுத முடியாது அத்தை என்றேன்.

"அப்ப உன் படிவத்தையே புடிச்சிக் குடுக்கச் சொல்லு."

இவ்வளவு பேசிவிட்டு, ஒப்புதல் படிவத்தில் முதல் கையெழுத்தும் நீங்கள்தான் போட்டீர்கள். கேனைத் துணிப்பையில் போட்டு மார்க்கெட்டுக்கும் எடுத்துப் போனீர்கள். கருவாடு வாங்க வந்த ஒருவர் பையை எட்டிப்பார்த்து எண்ணெயா என்று கேட்க, "ஆமாய்யா, செக்குல ஆட்டினது. வூட்டுக்குத்தான், விக்கறதுக்கு இல்ல" என்று சொல்லி அனுப்பிய கதையை அன்று சாயங்காலம் நீங்கள் நடித்துக் காட்டியபோது எனக்குப் புரையேறிவிட்டது.

அந்தக் கேனில் ஒரு கோடு உண்டு. சிறுநீர் கோட்டுக்குக் கீழே நின்றால், அந்த ஆள் முழு நாளும் பிடிக்கவில்லை, பாதியை வெளியே விட்டுவிட்டாள் என்று கணக்கு. கேனைக் கழித்துவிடுவார்கள். மார்க்கெட் பெண்களின் கேன்கள் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேதான் நின்றன. அஞ்சலை அக்காவுடையது பாதியைக்கூட எட்டவில்லை. "ஒழுங்கா புடிச்சீங்களாக்கா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். பிடித்தோம் என்று சத்தியம் செய்தார்கள். நான் நம்பவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உங்க ஊர்லதான் கழிக்கிறது ஜாஸ்தி என்று டாக்டரம்மா சொன்னதை வீட்டில் வந்து புலம்பினேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே புலம்பினேன், துணி காயப்போட்டுக்கொண்டே புலம்பினேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த வாரம் அவர்கள் கொண்டுவந்து நம் கொல்லைப்புறத்தில் வரிசையாக வைத்திருந்த கேன்கள் எல்லாம் கோட்டுக்கு மேலே. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்வரை பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சிரித்த முகமாகவே நின்றேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். உப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் வேறொன்றைப் பார்ப்பார்களாம். உடம்பில் இருக்கிற சதைக்குத் தக்கபடி ஒரு பொருள் தினமும் சிறுநீரில் இறங்கும். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் ஜாஸ்தியாகக் குடித்தாலும் அது பெரிதாக மாறாது. அஞ்சலை அக்காவின் கேனில் அது மூன்று ஆளுக்கு இருந்தது.

"கலை, இந்த அம்மா தினமும் தண்டால் எடுக்கற பயில்வானா இருந்தாக்கூட இவ்வளவு வராது. வேற யாரோடதோ இதுல சேர்ந்திருக்கு. கோட்டைத் தொடலன்னு நீங்களே ஊத்திட்டீங்களா?"

"இல்ல மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

"இது என் ரெண்டு வருஷ உழைப்பு. நாளைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியலன்னா உங்க ஊர் கேன் அத்தனையையும் கழிச்சிடணும். வேலைக்கும் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அழுகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு அந்த ஆஸ்பத்திரி வாசலை விட்டு இறங்கினால், அப்புறம் நம் தெருவில் எந்தப் பெண்ணை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டுக்கு வந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "எந்த கேனுன்னு கண்டுபுடிச்சிட்டாங்களா?"

மறுநாள் விடிந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை. மார்க்கெட்டுக்குத்தான் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். பத்து மணிக்கு டாக்டரம்மா போன் செய்தார். "கலை, உங்க மாமியார் இங்க வந்து உட்கார்ந்திருக்காங்க. சீக்கிரம் வாங்க. டிபார்ட்மென்ட் முழுக்க கருவாட்டு வாசனையா இருக்கு."

உங்கள் மகன் அப்போதுதான் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார். பைக்கில் பறந்தோம். போய்ப் பார்த்தால் நாற்காலியில் நீங்கள், எதிரே டாக்டரம்மா, அவருடைய பேராசிரியர், சுற்றி நாலைந்து டாக்டர்கள். மேஜைமேல் வஞ்சிரக் கருவாட்டுப் பொட்டலம். டாக்டரம்மா முட்டைகூடத் தொடாதவர் என்று உங்களுக்கு யார் சொல்வது?

"நான்தான் ஊத்தனேன்" என்றீர்கள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எம் மருமவளுக்கு ஒண்ணும் தெரியாது. கோடு வரைக்கும் இருந்தாத்தான் எடுத்துப்பாங்கன்னு தெனம் அழுதுச்சி. அது குளிக்கப் போன நேரமாப் பாத்து கொறையா இருந்ததுலல்லாம் என்னுத ஊத்தனேன். அஞ்சலையுதுக்குப் பத்தல. எம் புள்ள வேலைக்குப் போய்ட்டு வந்தான், அவன்கிட்டயும் வாங்கி ஊத்தனேன்."

என் பக்கத்தில் நின்ற உங்கள் மகன் அந்த நிமிஷமே வராண்டாவுக்குப் போய்விட்டார். எதற்கென்றே கேட்காமல் கொடுத்தாராம். வீடு திரும்பும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, அவங்களுது ஏன் பாதிதான் இருந்துச்சு? மீதியைக் கொட்டிட்டாங்களா?" என்று கேட்டார்.

"வந்தாத்தானே சார் கொட்டறதுக்கு? இருட்டோட மார்க்கெட்டுக்குப் போனா பொழுது சாயத்தான் வூட்டுக்கு வர்றோம். நடுவுல ஒதுங்க எடம் எங்க இருக்குது? ஆம்பளைங்க செவுத்து ஓரமா நின்னுடறீங்க. நாங்க இன்னா பண்ணுவோம்? அதான் தண்ணியே குடிக்கறதில்ல. அஞ்சலை ஒரு டீ குடிப்பா, அதும் பாதி. நீங்க கோடு போட்டப்ப எங்களக் கேட்டா போட்டீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரம்மா மெதுவாக, "அப்போ நாம கழிச்ச கேனெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"சரியான கேன்தான்" என்றார் பேராசிரியர். "நம்ம கோடுதான் அவங்களுக்குப் பொருந்தல."

அத்தை, அன்றைக்கு எனக்கு உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. "சொல்லாமக் கொள்ளாம இப்படி வந்துட்டீங்களே" என்று திட்டினேன். வேலை தங்கியது. நீங்கள் ஊற்றிய கேன்கள் மட்டும் கழிந்தன. கோட்டை மட்டும் வைத்து இனி யாரையும் கழிக்கக் கூடாது, காரணம் கேட்டு எழுத வேண்டும் என்று ஆராய்ச்சிகளை மேற்பார்க்கும் ஆஸ்பத்திரிக் குழுவில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். அந்தக் கேன்களைக் கொடுத்த வீடுகளில் மறுபடி பிடித்துத் தரும்படி கேட்டபோது அஞ்சலை அக்கா முறுக்கிக்கொண்டது. "எங்கள நம்பாதவங்களுக்கு எதுக்குத் தரணும்?" என்றது. டாக்டரம்மாவே மார்க்கெட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்க உங்கள் இருவருக்கும் நடுவில் சாக்குமேல் உட்கார்ந்தார். மத்தியானத்துக்கு மேல் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "இன்னாம்மா, முடியலியா?" என்று அஞ்சலை அக்கா கேட்டது. "முடியலக்கா" என்றார். மறுநாளே கேன் வந்துவிட்டது.

புத்தகமாகக் கட்டிய அந்த ஆராய்ச்சியில் உங்கள் பெயர் இல்லை. கோபப்படாதீர்கள், யார் பெயரும் இருக்கக் கூடாது என்பது விதி. அஞ்சலை அக்கா தன் பெயரைப் போட்டே தீர வேண்டும் என்று அடம்பிடித்ததால் இங்கே போட்டிருக்கிறேன். உங்களைக் கேட்க வழியில்லாததால் அத்தை என்று மட்டும் எழுதுகிறேன்.

மாசி மகத்துக்கு நாலு நாள் முன்னால் போய்விட்டீர்கள். தூக்கத்திலேயே போனதால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குத் தொந்தரவுதான். சாமிகளெல்லாம் கடலுக்குத் தீர்த்தவாரி வந்த அன்று மேளச் சத்தம் கேட்டும் நாங்கள் தெருவில் இறங்கவில்லை. வீட்டில் கத்திப் பேச ஆளில்லாமல் எனக்குக் குரலே தணிந்துவிட்டது.

டாக்டரம்மா படிப்பை முடித்து இப்போது அதே ஆஸ்பத்திரியில் பாடம் நடத்துகிறார். அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கூடவே நானும் போனேன். பெரிய அதிகாரிகள் முன்னால் மார்க்கெட் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று தமிழில் எடுத்துச் சொன்னது நான்தான். சொன்னதெல்லாம் உங்கள் வார்த்தைகள். மூத்திரம் என்றே சொன்னேன், வாய் வேகவில்லை.

கக்கூஸ் வந்ததும் புது ஆராய்ச்சி ஆரம்பித்தது. இடம் இருந்தால் இந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பார்களா, குடித்தால் உடம்புக்கு என்ன மாறுகிறது என்று பார்க்கப் போகிறார்கள். ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொல்லிக் கேன் வாங்குகிற வேலை மறுபடியும் எனக்குத்தான். நாள் முழுக்க வெளியே சுற்றுகிற பெண்கள் எல்லாரும் இதில் சேரலாம் என்றதால் நானும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தேன்.

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். நீங்கள் இல்லாமல் என் பேச்சை யார் கேட்பார்கள்? பழகின உடம்பு சட்டென்று தண்ணீர் கேட்குமா? இன்று காலை முதல் கேன்கள் வந்தன. அஞ்சலை அக்கா தன்னுடையதை இரண்டு கையாலும் தூக்கிவந்து என் முன்னால் வைத்தது. கோட்டைத் தாண்டி நின்றது அத்தை.

"நல்லாப் பாத்துக்கோ. ஒரு சொட்டு கூட அடுத்தவங்களுது இல்ல. கொண்டும்போய் எந்த மிஷின்ல வேணும்னாலும் போட்டுப் பாக்கச் சொல்லு" என்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். மற்ற கேன்களும் வரிசையாக வந்தன, எல்லாம் கோட்டுக்கு மேலே. ஒன்றே ஒன்றுதான் பாதியில் நின்றது.

அது என்னுடையது.

ஊர் ஊராக அலைந்து தண்ணீர் குடியுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாருக்கும் சொன்னவள், போகிற இடத்தில் எங்கே ஒதுங்குவது என்று பயந்து தான் மட்டும் குடிக்கவில்லை. அஞ்சலை அக்கா என் கேனைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது. அப்புறம் காதோடு காதாக, "உன் மாமியார் இருந்தா வுட்டுருப்பாளா? கொஞ்சம் ஊத்தட்டுமாடி?" என்றது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

ஊற்ற விடவில்லை அத்தை. இருந்தபடியே அளந்து, என் நம்பருக்கு நேரே கோட்டுக்குக் கீழே என்று என் கையாலேயே எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ஒதுங்க இடமில்லை என்று எழுதினேன். இனி நான் போகிற ஊர்களிலும் அந்த இடம் வரும்வரை விடாமல் கேட்பேன். நாளையிலிருந்து தண்ணீரும் குடிப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

என்றும் உங்களோடு மல்லுக்கு நிற்க ஆசைப்படும்,
உங்கள் மகன் பெண்டாட்டி, உங்கள் மருமகள்,
கலை