கட்டு அவிழ்க்காத தீர்ப்பு

அருமைப் பேத்திக்கு,

உன் அப்பாவைப் பெற்றவள் எழுதுகிறேன். மூட்டு வலியைத் தவிர எனக்கொரு குறையுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதம் வந்தது. போஸ்டர் ஒட்டினாள் என்று இரண்டு மாதமாக உள்ளே கிடக்கிற அந்த நர்ஸ் பெண்ணின் ஜாமீன் மனு வெள்ளிக்கிழமை உன் முன்னால் வருகிறதாம். பெரிய ஜட்ஜ் உன்னைக் கூப்பிட்டு, கேஸ் கட்டைப் படித்துக்கொண்டிருக்காதேம்மா, தள்ளுபடி பண்ணிடு, இல்லாவிட்டால் எங்கேயாவது காட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்றாராம். காய்ச்சல் என்று லீவு போட்டுவிடலாமா என்று கேட்கிறாய். வயிற்றுவலி என்று நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டபோதே நான் நம்பியவளில்லை.

உன் அப்பன் ஊரோடு ஒத்துப்போகச் சொல்கிறான். தகப்பன் முகம் பார்க்காமல் வளர்ந்தவன், பயப்படுவான். அவனைக் கோபிக்காதே.

உன் தாத்தா கேஸ் நடந்த கோர்ட்டைத்தான் நான் கூட்டிப் பெருக்கினேன் என்பது உனக்குத் தெரியும். இது தெரியாது. குமாஸ்தா சோம்பேறி, கேஸ் கட்டுகளை நாடாவால் கட்டி ஜட்ஜ் மேசையில் வைப்பதும் என் தலையில்தான். தாத்தாவின் கட்டுக்கு மட்டும் இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகினேன். அவர் அச்சடித்த நோட்டீஸ் அதற்குள் இருந்தது. கூலி உயர்த்திக் கேட்டு எட்டு வரி. நாலாம் வகுப்பு படித்த எனக்கே புரிந்தது. ஜட்ஜ் படித்தால் விட்டுவிடுவார் என்றிருந்தேன். சாயங்காலம் ஆறு வருஷம் என்று தீர்ப்பு. கட்டு திரும்பி வந்தது. என் முடிச்சு போட்டபடியே இருந்தது.

மூன்றாம் வருஷம் சிறையிலிருந்து அவர் சட்டை மட்டும் வந்தது.

அந்த ஜட்ஜ் பெயரில் இப்போது இங்கே ஒரு தெரு. அதில் நான் கால் வைப்பதில்லை. இந்த மூட்டோடு சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

அந்தப் பெண்ணை விடு என்றோ வை என்றோ நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை. காட்டுக்கு மாற்றினால் மாற்றட்டும், அங்கேயும் கோர்ட்டு இருக்கும். எனக்கு ஒரு பெட்டிதான், நானும் வந்துவிடுகிறேன்.

அன்றைக்கு அந்த நாடாவை முடிச்சோடு கத்தரித்து எடுத்து வந்தேன். இதோடு வைத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வருஷ முடிச்சு, இறுகிப்போயிருக்கும், நகம் வலிக்கும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் கையால் அவிழ்த்துவிடு தாயே.

நல்லா இரு.

உன் பாட்டி