எட்டு மணி மாத்திரை

மாடம்பாக்கம்
9.3.2008

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு,

காந்திமதி எழுதுவது. கவரில் என் பெயரைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த வார்டில் நோயாளிகளுக்கு வைத்திருந்த வலி ஊசியைத் திருடி நானே போட்டுக்கொண்டதை நீங்கள் மேட்ரனிடம் சொன்னீர்கள். வேலை போனது. இரண்டு வருஷம் உங்களைத் திட்டித் தீர்த்தேன்.

இப்போது தினமும் காலை எட்டு மணிக்குத் தாம்பரத்தில் போதை மீட்பு கிளினிக்கில் நிற்கிறேன். ஊசி ஏக்கத்தை அடக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரை, நாக்குக்கு அடியில். கரையும்வரை நர்ஸ் எதிரிலேயே இருப்பார். எட்டு மாதமாக ஊசியைத் தொடவில்லை அக்கா! அம்மாதான், "ஒரு போதைய வுட்டுட்டு இன்னொண்ணா?" என்கிறாள்.

பல்லாவரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள். கூட வேலை பார்த்தவரின் நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்கள். உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

உங்கள்
காந்திமதி

மஸ்கட்
28.3.2008

என் காந்திக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து ட்யூட்டி ரூமிலேயே அழுதுவிட்டேன். அன்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் உன்னைப் பிணமாகத்தான் பார்த்திருப்போம். அதைப் புரிந்துகொண்டு ஒரு வரி எழுத இரண்டு வருஷமா?

நீ கேட்ட நற்சான்று இத்துடன் இருக்கிறது. ஊசியைப் பற்றி எழுதவில்லை. நீயும் மூச்சு விடாதே. முடிந்தால் சேருவதற்குள் மாத்திரையையும் நிறுத்திவிடு. உனக்காக ஜெபிக்கிறேன்.

ஹில்டா

மாடம்பாக்கம்
20.4.2008

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. மறைக்கச் சொல்லும் ஹில்டா அக்கா எனக்குப் புதுசு. மேட்ரனிடம் போய்ச் சொன்னவரைத்தான் எனக்குத் தெரியும்.

மாத்திரையையும் நிறுத்தவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் வேலைக்காக மாத்திரையை நிறுத்துவாரா? எங்கள் கிளினிக் வரிசையில் ஒருவர் அவசரப்பட்டு நிறுத்தி, இரண்டே வாரத்தில் மறுபடி போதையில் விழுந்தார்.

பல்லாவரம் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் துரைராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா" என்றார்.

"வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது சார். வலி ஊசி அலமாரிச் சாவி மட்டும் எனக்கு வேணாம். மத்த எந்த வேலைன்னாலும் குடுங்க."

எங்கள் கிளினிக் டாக்டரோடு அவர் போனில் பேசினார். கட்டுப் போடும் அறையில் வேலை கொடுத்தார். ஒன்பதரைக்கு ட்யூட்டி.

முதல் நாள் யூனிஃபார்மோடே போய் எட்டு மணி வரிசையில் நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் மாரி என்று ஒரு ஆட்டோக்காரர். வாரத்தில் பாதி நாள் வரமாட்டார், யாராவது பார்த்துவிடுவார்களாம். "இன்னா சிஸ்டர், நீயே இந்த டிரெஸ்ல வந்து நிக்கிற, எனக்கின்னா வெக்கம்?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நேற்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, தூரத்திலிருந்து என்னைக் கை நீட்டிக் காட்டினார். நான் நிமிர்ந்து நின்றேன் அக்கா.

உங்கள்
காந்திமதி, ஸ்டாஃப் நர்ஸ்